ஒரே உலையில் ஐந்து பேருக்கும் சமைக்கலாம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

"எனக்கு 39 வயது. கணவர், மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், நாலாம் வகுப்பு படிக்கும் மகன், நான் என்று வீட்டில் ஐந்து பேர். கணவர் டவுனில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். சாயங்காலம் கடையில் டீயும் வடையும் சாப்பிடுவார். வீட்டுக்கு வர ராத்திரி பத்து ஆகிவிடும், சில நாள் புரோட்டா சாப்பிட்டுவிட்டே வருவார். போன மாதம் ரத்தம் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 'இன்னும் சர்க்கரை வியாதி ஆகவில்லை, சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் போதும்' என்றார் டாக்டர். அன்றிலிருந்து போனில் வராத வீடியோ இல்லை. ஒருவர் சோறே கூடாது என்கிறார். இன்னொருவர் சிறுதானியம் மட்டும்தான் என்கிறார். தேங்காய் முழுக்கக் கொழுப்பு என்று ஒருவர் சொல்ல, தினமும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல்கிறார் வேறொருவர்.

இப்போது கணவருக்குக் கேப்பைக் களியும் சப்பாத்தியும், 68 வயது மாமியாருக்கு (பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்) உப்பில்லாத குழம்பு, பிள்ளைகளுக்கு வழக்கமான சாப்பாடு என்று மூன்று சமையல் செய்கிறேன். சீனியை நிறுத்திக் கருப்பட்டி, தூள் உப்புக்குப் பதில் இந்துப்பு, மரச்செக்கு எண்ணெய் என்று எல்லாம் மாற்றிவிட்டேன். செலவு தாங்கவில்லை. தேங்காயை நிறுத்தியதில் மாமியாருக்குக் கோபம். 'சொதியும் அவியலும் தின்னுதான் எங்க அம்மை எம்பது வயசு இருந்தா' என்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு பொடி டப்பா கொண்டுவந்து, மூவாயிரம் ரூபாய், 90 நாளில் சர்க்கரை ஓடிப்போகும் என்கிறார். மகன் காய் தொடமாட்டான். பாலில் ஊட்டச்சத்துப் பவுடர் கலந்து இரண்டு வேளை கொடுக்கிறேன். மகள் காலையில் டீயும் பிஸ்கட்டுமாகப் பள்ளிக்கு ஓடிவிடுகிறாள். ஹீமோகுளோபின் 10.4 இருந்ததால் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுக்கிறேன். ஆரோக்கியமான சாப்பாடு என்றால் என்னதான்? எங்கள் ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டுமா?"

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். மூன்று சமையலும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்கும் தனி உலை வைக்கும்படியான நோய் இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே சமையல் போதும். மாற வேண்டியது ஒவ்வொருவர் தட்டிலும் எது எவ்வளவு விழுகிறது என்பது. ஊட்டச்சத்து ஆலோசகராக உங்களுக்கு நான் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி இதைச் சுற்றியே இருக்கும்.

ஆனால் கணவரின் சர்க்கரையைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகளைப் பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டு வரிதான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் மகள்

அவள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 11-க்கும் கீழே போனால் அதை நடுத்தர ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. 10.4 அந்தப் பிரிவில் வருகிறது. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்யப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும், பெரும்பாலும் முழுதாக ஏறவும் ஏறாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை வருஷத்தில் பிள்ளை சோர்ந்துபோய், மூச்சு வாங்கி, படித்தது மனதில் நிற்காமல் திண்டாடும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அது ரத்தமாகும் என்று நம்புகிறோம். அதில் உள்ள இரும்புச்சத்து மிகவும் குறைவு. பேரீச்சம்பழமும் நாம் நினைக்கிற அளவுக்கு இரும்பு தருவதில்லை, இனிப்புதான் அதில் அதிகம். இரண்டையும் கொடுப்பதில் தப்பில்லை, அவற்றை நம்பிச் சும்மா இருந்துவிடுவதில்தான் ஆபத்து. இந்த வாரமே மகளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, எத்தனை நாள் நீடிக்கிறது, கடைசியாக எப்போது பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளை அதை விழுங்குகிறாளா, வயிற்றைப் பிரட்டுகிறது என்று ஒதுக்கிவிடுகிறாளா என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள். அது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. வந்த பிறகு சிகிச்சைக்குரிய அளவு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, டாக்டர் தேடிப் பார்க்க வேண்டும். எண் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல், உடம்பில் இருப்பு சேரும்வரை இன்னும் சில மாதம் தொடரச் சொல்வார்கள்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது, காலை டீயை நகர்த்துவது. டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி இரண்டும் வேண்டாம். காலையில் இரண்டு இட்லியோடு ஒரு அவித்த முட்டை, ஒரு கொய்யாத் துண்டு போதும். கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு இவற்றில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர உதவும். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கி வைத்ததும் அரை மூடி எலுமிச்சை பிழியச் சொல்வது அதனால்தான். உங்கள் வீட்டில் கவிச்சி உண்டு என்றால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (மண்ணீரல்) கொஞ்சம் வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாகச் சேரும்.

சோற்றை நிறுத்த வேண்டுமா?

இனி கணவர். மூன்று மாதச் சராசரி 5.7-லிருந்து 6.4 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை, 6.5 ஆனால் நோய். 6.1 என்பது திரும்பி வரக்கூடிய இடம். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டதில், மூன்று ஆண்டுகளில் நோய்க்குள் போவது ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் நம்மைப்போல அரிசி சாப்பிடும் நாட்டுக்காரர்கள்தான்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கை. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், உண்மை. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தவிர்த்தேன் என்று சொல்வதில் லாபம் இல்லை. கேப்பை நல்ல தானியம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது சொற்பம். ஆனால் பெரிய உருண்டையாக மூன்று களி சாப்பிட்டால் கேப்பையும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதைக் கணவருக்கு மட்டும் மருந்துபோலக் கிண்டாமல், வாரத்தில் இரண்டு மூன்று வேளை வீட்டில் எல்லோருக்குமாகக் கேப்பைத் தோசை, கம்பஞ்சோறு என்று வையுங்கள். கால்சியம் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும்தான் அதிகம் தேவை.

அளவு என்ன? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, பயறு, மீன், முட்டை, கறி வகையில் 85 கிராம், கொட்டைகளும் எள் போன்ற வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியம், பருப்பு எல்லாம் சமைப்பதற்கு முந்திய எடை.

இந்தக் கணக்கை நம் வீட்டுச் சாப்பாட்டோடு ஒட்டிப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசிதான். தானியம் 400 கிராமுக்குப் போய்விடும். காய், ஒரு கரண்டிப் பொரியலும் சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும். பருப்பு, ஐந்து பேர் சாம்பாருக்கு ஒரு கை துவரம்பருப்பு, ஆளுக்கு 20 கிராம்கூட வராது. நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லுவேன். பண்டங்கள் நல்லவை, பங்குதான் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

அதனால் கணவர் தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கால் பங்குக்குப் பயறோ மீனோ முட்டையோ, மிச்சக் கால் பங்குக்குச் சோறு. பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள். நடுவில் சோற்றைக் குவித்து ஓரத்தில் காயை வைப்பதை விட்டு, காயையும் கூட்டையும் முதலில் வையுங்கள். பாதிக் காயைத் தின்ற பிறகு சோறு போடுங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைவாக இருக்கிறது, வயிறும் முன்னாலேயே நிறையும். சேனை, வாழைக்காய், தை மாதத்தில் வரும் சிறுகிழங்கு இவை காய்க்கணக்கில் சேராது. கிழங்கு வைக்கிற அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்.

ராத்திரி பத்து மணிச் சாப்பாடு உங்கள் கையில் முழுதாக இல்லை, தெரிகிறது. ஆனால் சாயங்காலம் கடைக்கு ஒரு டப்பா சுண்டல் கொடுத்துவிட முடியும். தட்டப்பயறு, கொண்டைக்கடலை, சிறுபயறு எதுவானாலும் சரி. வடை தானாகக் குறையும், வரும் வழியில் புரோட்டாக் கடையைப் பார்த்தாலும் அவ்வளவு பசி இருக்காது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை, கூடவே ஒரு கிண்ணம் காய், அப்புறம் பத்து நிமிஷம் தெருவில் ஒரு நடை. நாளெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் என்பதால் நடை அவருக்கு மருந்துக்குச் சமம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை வேண்டும். காலையில் வ.உ.சி. மைதானத்துக்கு நீங்களும் சேர்ந்து போனால் இருவருக்கும் நல்லது.

கருப்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் இதைச் சொன்னால் வருத்தப்படுவார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ரத்தத்துக்குள் போன பிறகு அது பெருமளவு சீனியைப்போலத்தான் நடந்துகொள்ளும். அதில் உள்ள தாதுச்சத்து, நாம் சாப்பிடுகிற அளவுக்குப் பெரிதாக ஒன்றும் சேர்க்காது. தேனும் நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். சீனியோ கருப்பட்டியோ, எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்து டீஸ்பூனுக்குள் நிற்பது நல்லது. இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று டீ குடித்தாலே கணக்கு முடிந்துவிட்டது. கணவர் டீயில் அரை ஸ்பூனாகக் குறைக்கட்டும், அது கருப்பட்டியா சீனியா என்பது உங்கள் வசதி.

தேங்காயும் மாமியார் கோபமும்

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தேங்காயில் கொலஸ்டிரால் கிடையாது, அது தாவரப் பண்டம். அதில் இருப்பது நிறைவுற்ற கொழுப்பு. அது அதிகமானால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் கூடும். அதனால் கேள்வி அளவைப் பற்றியதுதான். தினப்படி அவியல், துவையல், பொரியலுக்கு எல்லாமாகச் சேர்த்து ஐந்து பேருக்கு ஒரு மூடி தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு வைக்கிற அன்று பொரியலுக்குத் தேங்காய்ப்பூ வேண்டாம். தேங்காய் எண்ணெயைக் கரண்டியில் குடிப்பதைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

சொதி தினமும் வைக்கிற குழம்பு இல்லை. மறுவீட்டு விருந்துக்கும் விசேஷத்துக்கும் வைப்பது. மாதத்தில் ஓரிரு நாள் வையுங்கள். தேங்காய்ப்பால் எடுக்கும்போது முதல் பாலைக் கொஞ்சமாக விட்டு, சிறுபருப்பையும் பீன்ஸ், கேரட், முருங்கைக்காயையும் கூட்டிப் போடுங்கள். இஞ்சிப் பச்சடி இருக்கட்டும். கூட வரும் உருளைக்கிழங்கு சிப்ஸை மட்டும் தவிருங்கள். சொதிக்கு அது துணை என்று வாதாடுவார்கள், நீங்கள் ஒரு வெண்டைக்காய்ப் பொரியலால் சமாளிக்கலாம்.

மாமியாரின் அம்மா எண்பது வயது இருந்ததற்குச் சொதி மட்டும் காரணமில்லை. குளத்துக்கும் ஆற்றுக்கும் நடந்து, உரலில் இடித்து, வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. இனிப்பும் பலகாரமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வந்தன. எண்பது வரை இருந்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், ஐம்பதில் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை மாமியாரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் கூட்டாஞ்சோறும் உளுந்தஞ்சோறும் எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும் கூட்டாஞ்சோற்றைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. அரிசியைக் கால் பங்கு குறைத்து, பருப்பையும் காயையும் கூட்டினால் அந்த வழிகாட்டியின் கணக்குக்கு அருகில் வந்துவிடும். தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான். எள்ளில் கால்சியமும் உளுந்தில் புரதமும் உண்டு. தசை தேய்கிற வயதில் உங்கள் மாமியாருக்கு வேண்டியது அதுதான்.

எண்ணெயில், மரச்செக்கு என்பது மணத்துக்கும் சுவைக்கும் நல்லது. ஆனால் செக்கு எண்ணெயோ ரீஃபைண்டோ, எல்லா எண்ணெயும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். ஒருவருக்கு மாதம் 800 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் காலியாகிறது என்று பாருங்கள். நாலரை லிட்டரைத் தாண்டினால் எந்த எண்ணெய் என்று யோசிப்பதற்கு முன் எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குங்கள். அப்பளமும் வத்தலும் பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

உப்பில்லாத குழம்பு ஒரு தண்டனை. பிரஷர்காரர்களுக்கும் அது தேவையில்லை. உப்பில்லாச் சோற்றை உள்ளே தள்ள மாமியார் ஊறுகாயையும் மோர் மிளகாயையும் தேடுவார், குழம்பில் மிச்சம் பிடித்ததைவிட அதிக உப்பு அதில் உள்ளே போய்விடும். ஒருவருக்கு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? அந்தத் தேதியை அட்டையில் எழுதி வைத்தாலே வீட்டின் உப்புக் கணக்குத் தெரிந்துவிடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர் மூலம் வருவது இதற்கு மேல்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு அது பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். அதோடு அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. வளரும் பிள்ளைகளும் பூப்படைந்த பெண்ணும் இருக்கிற வீட்டில் அயோடின் இல்லாத உப்புக்கு மாறுவது நஷ்டம். பழைய அயோடின் உப்புக்கே திரும்பிவிடுங்கள், விலையும் குறைவு. சோடியம் குறைவான உப்பு என்று கடையில் ஒன்று விற்கிறார்கள். அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் மாமியாருக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே குழம்பு வையுங்கள், அதில் இப்போது போடும் உப்பில் கால் பங்கைக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, இஞ்சி, மிளகு, மல்லியிலை கைகொடுக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். பிரஷர் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரைச் செலவு சிரமமென்றால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டப்பாவில் வருகிறவை

நாத்தனார் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பார். சொந்தத்துக்குள் முகத்தை முறிக்க வேண்டாம். ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் 1954-லேயே வந்தது. அதன் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதே குற்றம். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அது, தயாரித்தவர் உணவு தயாரிக்க உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதற்கு அடையாளம். நோய் தீரும் என்று அரசு கொடுத்த சான்று இல்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதித்தால் 6.1-ஐவிடப் பெரிய தொல்லை வந்து சேரும். 'டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குகிறோம்' என்று சொல்லி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மகனின் பவுடரை நீங்களே சோதிக்கலாம். பொட்டலத்தின் பின்னால் கலந்திருக்கும் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்றில் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது, உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதால். பவுடர் இல்லாத பால் போதும். ஒரு தம்ளராகக் குறையுங்கள், இரண்டு வேளைப் பாலில் வயிறு நிரம்பியிருப்பதும் அவன் சாப்பிடாததற்குக் காரணமாக இருக்கலாம். பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த நிலக்கடலை, முட்டை, ஏத்தம்பழம். காய் விஷயத்தில் அடிக்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். எல்லோரும் அதைச் சாப்பிடுவதைப் பார்த்தால் சீக்கிரம் பழகுவான். அவனுக்கென்று தனியாக ஒரு சமையல் இருக்கும்வரை அது நடக்காது.

ஒரு நாள் எப்படி இருக்கும்

காலையில் எல்லோருக்கும் இட்லி, தேங்காய் குறைத்த சட்னி, சிறுபயறு போட்ட சாம்பார், ஆளுக்கொரு முட்டை. மதியம் புளிக்குழம்பு, சீனி அவரைக்காய்ப் பொரியல் தாராளமாக, தடியங்காயோ (வெண்பூசணி) புடலங்காயோ போட்டுப் பருப்புக் கூட்டு, மோர். மீன் வாங்கும் நாளில் சாளை வாங்குங்கள், விலை குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய. பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். கவிச்சி சாப்பிடாத நாட்களில் மாமியாருக்குக் காணத் (கொள்ளு) துவையலும் தயிரும். சாயங்காலம் சுண்டல், ஒரு பழம். ராத்திரி தோசையோ கேப்பை அடையோ, மதியக் கூட்டில் மிச்சம் வைத்தது. சமையல் ஒன்று. மகனுக்கும் மகளுக்கும் சோறும் முட்டையும் கூடுதலாக, கணவருக்குச் சோறு குறைவாக, மாமியாருக்குக் குழைவாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து பேருக்கு நாளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ காய் வேண்டும். இதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். கருப்பட்டி, இந்துப்பு, பவுடர் இவற்றில் மிச்சமாகும் பணத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள். மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்றன்று மலிவாக இருக்கும் நாட்டுக் காயை வாங்கினால் போதும். புரோக்கோலியும் வெளிநாட்டு விதைகளும் இல்லாமலே நன்றாகச் சாப்பிடலாம்.

உங்கள் கடிதத்தில் நாலு பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடியில் மிஞ்சிய சோற்றை மோர் ஊற்றிக் குடிக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். காயும் முட்டையும் தீர்ந்த பிறகு மிஞ்சுவது சோறு மட்டும்தான், அதனால் வீட்டிலேயே மோசமான சாப்பாடு சமைத்தவளுக்கு. தயவுசெய்து உங்கள் பங்கைச் சமைத்து இறக்கும்போதே தனியாக எடுத்து வையுங்கள். மகளோடு போகும்போது உங்கள் ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இடுப்பளவையும் எடுங்கள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டியிருந்தால் கணவருக்குச் சொன்ன தட்டுக்கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

மகளின் டாக்டர் இந்த வாரம். அதில் தாமதம் வேண்டாம். மாமியாரின் பிரஷரை வாரம் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். உப்புக் குறைந்து, கீழே வந்தால் மாத்திரை அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். கணவருக்கு மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி எடுங்கள், அதற்கு முன் எடுப்பதில் பயன் இல்லை. 6.1 என்பது 5.9 ஆகியிருந்தாலும் சரியான வழியில் போகிறீர்கள் என்றுதான் அர்த்தம். 6.5-ஐத் தொட்டிருந்தால், சாப்பாட்டை இன்னும் இறுக்கிப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் டாக்டர் சொல்லும் மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள். மாத்திரை வந்த பிறகும் இதே சமையல், இதே தட்டுதான்.